அகதியா, இடம்பெயர்ந்தவரா?

எனது உம்மம்மாவைப் பற்றி ஆங்கிலத்தில் ஒரு கட்டுரை எழுதினேன். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம்களை வெளியேற்றியபோது, முல்லைத்தீவு நீராவிப்பிட்டியிலிருந்து புத்தளம் போனவர் அவர். 'ரெபியூஜியாக வாழ்ந்தார்' என்று நான் எழுதிய வரியின் கீழ் ஆசிரியை சிவப்புக் கோடிட்டிருந்தார். தேடிப் படித்தேன்.

1951ஆம் ஆண்டின் ஐ.நா. அகதிகள் சாசனத்தின்படி, துன்புறுத்தலுக்கு அஞ்சித் தன் நாட்டுக்கு வெளியே இருப்பவரே 'ரெபியூஜி'. நாட்டின் எல்லையைக் கடக்காமல், வீட்டை விட்டுப் போக நிர்ப்பந்திக்கப்பட்டவர் 'டிஸ்பிளேஸ்ட்'. 1998இல் வந்த ஐ.நா. வழிகாட்டிக் கோட்பாடுகளும் இதையே சொல்கின்றன. கடல் கடந்து தமிழ்நாட்டின் மண்டபம் முகாமுக்குப் போனவர் ரெபியூஜி. 2009இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாமில் இருந்தவர் டிஸ்பிளேஸ்ட். உம்மம்மாவும் அப்படியே.

ஆனால் தமிழில் 'அகதி' என்றால் கதியற்றவர். அதில் எல்லைக் கணக்கு இல்லை. உம்மம்மா தன்னை அகதி என்பது பிழையன்று. ஆங்கிலத்தில் நான் எழுதியதே பிழை.

இன்னொன்றும் உண்டு. 'டிஸ்பிளேஸ்ட்' என்பது செயப்பாட்டுவினைப் பொருளுடையது. நாம் அதற்கு எழுதும் 'இடம்பெயர்ந்தோர்' தன்வினை. பறவைகளும் இடம்பெயர்கின்றன! அங்குள்ள கட்டாயம் இங்கே மறைந்துவிடுகிறது.

"நாங்களாப் போகல்ல புள்ள, போகச் சொன்னாங்க" என்பார் உம்மம்மா. அதற்குரிய தமிழ்ச் சொல் 'வெளியேற்றப்பட்டோர்'.

தோழியரே, இச்சொற்களை எழுதுமுன் இரண்டு கேள்விகள் கேளுங்கள்: எல்லை கடந்தாரா? தாமாகப் போனாரா?