ஆத்துல விடுற துணி கடல்ல என்ன ஆகுது?



போன மாதம் பகுதிக் கூட்டத்தில் கடலில் சேருகிற நுண்பிளாஸ்டிக் பற்றிப் பேச ஆரம்பித்தோம். உடனே ஒரு ஊக்குநர் எழுந்து, "மேடம், கடலு எங்கயோ கெடக்கு. திருச்செந்தூர் போனாத்தான் நாங்க அதக் கண்ணால பாக்கோம். அதுக்கு நாங்க என்ன செய்ய முடியும்?" என்று கேட்டார். நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்வதுதான் இந்த மாதப் பாடம்.

முதலில் நுண்பிளாஸ்டிக் என்றால் என்ன என்று பார்ப்போம். நம் வீட்டுக் கொல்லையில் பழைய யூரியா சாக்கு ஒன்று வெயிலில் கிடக்கும். ஒரு வருஷம் கழித்து அதைக் கையில் எடுத்தால் என்ன ஆகும்? பொடிப்பொடியாக உதிரும். கையெல்லாம் வெள்ளை நாராக ஒட்டும். சரி, மக்கிப் போச்சு என்று நாம் நினைத்துக் கொள்கிறோம். அது மக்கவில்லை, நொறுங்கியிருக்கிறது. இந்த வித்தியாசம் ரொம்ப முக்கியம். வாழை இலை மக்கினால் மண்ணாகிறது, செடிக்கு உரமாகிறது. பிளாஸ்டிக் நொறுங்கினால் சின்ன பிளாஸ்டிக் ஆகும், அது இன்னும் நொறுங்கினால் இன்னும் சின்ன பிளாஸ்டிக் ஆகும். 5 மில்லி மீட்டருக்குக் குறைவான துகளை, அதாவது ஏறக்குறைய ஒரு துவரம்பருப்புக்கும் சின்னதாக இருப்பதை, நுண்பிளாஸ்டிக் என்கிறார்கள். 2004-ல் இங்கிலாந்து விஞ்ஞானிகள் கடற்கரை மணலில் இந்தத் துகள்களைக் கண்டு எழுதிய பிறகுதான் இந்தப் பெயர் உலகம் முழுக்கப் பரவியது. கண்ணுக்குத் தெரியாத அளவிலும் இருக்கிறது.

இப்போது நம் ஆற்றுக்கு வருவோம். தாமிரபரணி பொதிகை மலையில் பிறந்து சுமார் 125 கிலோ மீட்டர் ஓடி, புன்னக்காயலில் மன்னார் வளைகுடாக் கடலில் சேருகிறது. பாபநாசம், அம்பாசமுத்திரம், முக்கூடல், சேரன்மகாதேவி, திருநெல்வேலி, ஸ்ரீவைகுண்டம், ஏரல், ஆத்தூர் என்று கரையெல்லாம் ஊர். நம் ஊர் ஓடையில் போட்ட கவர் மழை வந்தால் வாய்க்காலுக்கு வரும், வாய்க்காலிலிருந்து ஆற்றுக்கு, ஆற்றிலிருந்து கடலுக்கு. வழியில் எட்டு அணைக்கட்டு இருக்கிறது. அங்கே கொஞ்சம் தேங்கும், வெயிலில் நொறுங்கும், அடுத்த வெள்ளத்தில் மறுபடி கிளம்பும். 2021-ல் வெளியான ஒரு உலக ஆய்வு ஒரு புது விஷயத்தைச் சொன்னது. ஆறுகள் வழியாகக் கடலுக்குப் போகிற பிளாஸ்டிக்கில் 80 சதவீதம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆறுகளிலிருந்து போகிறதாம். அதற்கு முன்னால், உலகத்தில் ஒரு சில பெரிய ஆறுகள்தான் இதற்குக் காரணம் என்று நினைத்திருந்தார்கள். இல்லை, ஊர்களுக்கு நடுவே ஓடுகிற சின்ன, நடுத்தர ஆறுகளும் நிறையவே கொண்டு போகின்றன. நம் தாமிரபரணியும் அந்த மாதிரி ஊர்களுக்கு நடுவே ஓடுகிற ஆறுதான்.

பாபநாசம் படித்துறையை நினைத்துப் பாருங்கள். பரிகாரம் என்று சொல்லி, குளித்துவிட்டு உடுத்திய துணியை ஆற்றிலேயே விட்டுவிட்டுப் போகிறார்கள். தன்னார்வலர்கள் தண்ணீரில் இறங்கி டன் கணக்கில் துணியை வெளியே எடுத்திருக்கிறார்கள். நம்பிக்கையை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் பாட்டி காலத்தில் விட்டது நூல் துணி. அது கொஞ்ச நாளில் இற்றுப்போகும். இன்றைக்கு விடுவது பெரும்பாலும் பாலியஸ்டர், நைலான். பார்த்தால் துணி, உண்மையில் அது நூலாக இழுத்த பிளாஸ்டிக். பாறையில் சிக்கி, தண்ணீரில் உரசி, இழை இழையாகப் பிரிந்து போய்க்கொண்டே இருக்கும்.

"அப்ப நாங்க வீட்டுல துவைக்கதுல போகாதா?" என்று கூட்டத்தில் ஒரு அக்கா கேட்டாங்க. போகும். பிளைமவுத் பல்கலைக்கழக ஆய்வு 2016-ல் சொன்ன கணக்குப்படி, 6 கிலோ செயற்கை இழைத் துணியை ஒருமுறை இயந்திரத்தில் துவைத்தால் 7 லட்சத்துக்கும் மேல் இழைகள் தண்ணீரில் கலக்கலாம். கடலுக்கு நேரடியாகத் துகளாகவே போய்ச்சேருகிற பிளாஸ்டிக்கில் மூன்றில் ஒரு பங்கு இப்படித் துணி துவைப்பதில் வருவதுதான் என்று 2017-ல் சர்வதேச இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் மதிப்பிட்டது. அதற்காகத் துவைக்காமல் இருக்க முடியுமா? முடியாது. பூனம் புடவை சீக்கிரம் காயும், இஸ்திரி வேண்டாம், விலையும் கம்மி. வயல் வேலைக்கும் நூறு நாள் வேலைக்கும் போகிறவர்களுக்கு அது வசதி. நூல் புடவை கட்டுங்கள் என்று சொல்லிவிட்டுப் போவது எனக்குச் சுலபம், கட்டுகிறவர்களுக்குத்தான் சிரமம். கட்டிய துணியை ஆற்றில் விடாமல் இருப்பது மட்டும் எல்லோராலும் முடியும்.

சரி, கடலில் போய்ச் சேர்ந்தபின் என்ன ஆகிறது? இதற்கு நாம் வெளிநாடு போக வேண்டாம், தூத்துக்குடியே போதும். அங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார், தூத்துக்குடிக் கரையில் எடுத்த சிப்பிகளுக்குள் நுண்பிளாஸ்டிக் இருப்பதை 2019-ல் வெளியிட்டார்கள். அடுத்த வருஷம் மீனிலும் உப்பிலும் கண்டார்கள். கடல் தண்ணீரில் விளைந்த உப்பில் கிலோவுக்குச் சராசரியாக 35 முதல் 72 துகள் வரை. ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரில் விளைந்ததில் 2 முதல் 29 வரை. நம் வீட்டில் மாதம் ஒரு கிலோ உப்பு செலவாகிறது என்றால் நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம். நாட்டில் குஜராத்துக்கு அடுத்தபடி அதிகம் உப்பு விளைவது தமிழ்நாட்டில், அதிலும் தூத்துக்குடிப் பக்கம்தான். ஆக, நாம் ஆற்றில் விட்டது ஒரு சுற்று சுற்றி நம் அஞ்சறைப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வந்து உட்காருகிறது.

இதைக் கேட்டதும் மீனையும் உப்பையும் நிறுத்திவிடக் கூடாது. நம் பிள்ளைகளுக்குக் கிடைக்கிற மலிவான சத்துணவு மீன்தான். மீனில் துகள் பெரும்பாலும் குடலில் இருக்கும். பெரிய மீனில் குடலை எப்படியும் எடுத்துவிடுகிறோம். நெத்திலியிலும் தலையைக் கிள்ளும்போது குடலும் சேர்ந்து வரும்படி கிள்ளினால் நல்லது. கருவாட்டுக்கும் அப்படியே.

உடம்புக்கு என்ன கெடுதல் என்று எல்லாரும் கேட்கிறீர்கள். தெரிந்தவரை சொல்கிறேன், கூட்டியும் குறைத்தும் சொல்லவில்லை. 2022-ல் நெதர்லாந்தில் மனித இரத்தத்தில் பிளாஸ்டிக் துகள் இருப்பதைக் கண்டார்கள். இத்தாலியில் நஞ்சுக்கொடியிலும், பிறகு தாய்ப்பாலிலும் கண்டார்கள். 2024-ல் வெளிவந்த இன்னொரு இத்தாலி ஆய்வில், கழுத்து இரத்தக் குழாய் அடைப்பில் பிளாஸ்டிக் துகள் இருந்த நோயாளிகளுக்கு மாரடைப்பும் பக்கவாதமும் மற்றவர்களைவிட அதிகம் வந்தது. ஆனால் பிளாஸ்டிக்தான் காரணம் என்று அந்த ஆய்வு நிரூபிக்கவில்லை. இன்னும் ஆராய வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. பால் கொடுக்கிற தாய்மார் யாரும் இதைப் படித்துவிட்டுப் பாலை நிறுத்த வேண்டாம். தாய்ப்பாலுக்கு ஈடு எதுவும் கிடையாது. புட்டியும் பிளாஸ்டிக்தானே!

எல்லாப் பழியையும் பொம்பளைங்க தலையில் போடுவதும் சரியில்லை. 2021 மே 20 அன்று கொழும்புக்கு அருகே எக்ஸ்பிரஸ் பேர்ல் என்ற கப்பல் தீப்பிடித்து, ஜூன் 2-ல் மூழ்கத் தொடங்கியது. அதில் சுமார் 1,680 டன் பிளாஸ்டிக் குருணை இருந்தது. ஜவ்வரிசி மாதிரி இருக்கும், அதை உருக்கித்தான் குடம், கவர் எல்லாம் செய்வார்கள். இலங்கைக் கடற்கரையில் மணல் தெரியாத அளவுக்கு அது ஒதுங்கியது. 2025 மே மாதம் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 என்ற கப்பல் மூழ்கியபோது, அதே மாதிரிக் குருணை நம் கன்னியாகுமரி மாவட்டக் கரையிலும் ஒதுங்கியது. கடற்கரை ஊர்க்காரர்கள் சல்லடை வைத்துச் சலித்தார்கள். எவ்வளவுதான் சலிக்க முடியும்? நாம் ஆயுசு முழுக்கப் போடுகிற கவரைவிட ஒரு கப்பல் ஒரே நாளில் கொட்டுவது அதிகம். இது அரசாங்கங்களும் கம்பெனிகளும் பதில் சொல்ல வேண்டிய விஷயம்.

அவர்கள் என்ன செய்கிறார்கள்? 2022 மார்ச்சில் ஐக்கிய நாடுகள் சபையில், பிளாஸ்டிக்கைக் கட்டுப்படுத்த ஒரு உலக ஒப்பந்தம் போடுவது என்று முடிவானது. 2024 கடைசியில் தென்கொரியாவில் பூசான் நகரத்தில் பேசினார்கள், முடியவில்லை. 2025 ஆகஸ்டில் ஜெனீவாவில் பேசினார்கள், அதுவும் ஒப்பந்தம் இல்லாமலே கலைந்தது. பிளாஸ்டிக் தயாரிப்பையே குறைக்க வேண்டும் என்று பல நாடுகள் சொல்கின்றன. எண்ணெய் எடுக்கிற நாடுகள் ஒத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் பிளாஸ்டிக் வருவது கச்சா எண்ணெயிலிருந்து.

எதிர்காலம் எப்படி இருக்கும் என்பதை நம் குழுக் கணக்கு மாதிரியே புரிந்துகொள்ளலாம். கந்துவட்டிக்குக் கடன் வாங்கிய ஒருவர், இன்றைக்கே புதுக் கடனை நிறுத்திவிடுகிறார் என்று வையுங்கள். பழைய கடன் அதோடு நின்றுவிடுமா? வட்டி ஏறிக்கொண்டேதான் இருக்கும். கடலில் ஏற்கெனவே கிடக்கிற வலை, குடம், செருப்பு, பாட்டில் எல்லாம் அந்தப் பழைய கடன். நாம் இன்றைக்கே எல்லாவற்றையும் நிறுத்தினாலும் அவை நொறுங்கிக்கொண்டே இருக்கும், துகள் கூடிக்கொண்டே போகும். நாமோ புதுக் கடனையும் நிறுத்தவில்லை. வருஷத்துக்குச் சுமார் 1 கோடியே 10 லட்சம் டன் பிளாஸ்டிக் கடலுக்குப் போகிறது என்றும், இப்படியே விட்டால் 2040-ல் அது 2 கோடியே 90 லட்சம் டன் ஆகும் என்றும் 2020-ல் ஒரு ஆய்வு கணக்கிட்டது. இப்போது தெரிந்த வழிகளையே முழுசாகச் செய்தால் அதில் 80 சதவீதம் குறைக்கலாம் என்றும் அதே ஆய்வு சொன்னது. துகளாகிக் கடலில் கலந்ததைத் திரும்ப எடுக்க இன்றுவரை ஒரு வழியும் இல்லை. பெரிய துண்டாக நம் கையில் இருக்கும்போதே பிடித்தால்தான் உண்டு. அந்த ஊக்குநர் கேட்டதற்குப் பதில் இதுதான். கடலுக்குப் போகிற பிளாஸ்டிக்கைக் கடலில் பிடிக்க முடியாது, நம் வாசலில் பிடிக்கலாம்.

நம் கூட்டத்திலிருந்தே ஆரம்பிக்கலாம். ஒவ்வொரு கூட்டத்திலும் பேப்பர் கப்பில் டீ கொடுக்கிறோம். பேப்பர்தானே என்று நினைப்போம். உள்ளே பிளாஸ்டிக் பூச்சு இருக்கிறது. அதில் 100 மில்லி சூடான தண்ணீரைக் கால் மணி நேரம் வைத்தால் சுமார் 25,000 துகள் கலக்கிறது என்று 2020-ல் கரக்பூர் ஐ.ஐ.டி. கண்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் தடை செய்த 14 வகைப் பொருள்களில் இந்தக் கப்பும் ஒன்று. தடை வந்து இத்தனை வருஷம் ஆகியும் நம் கூட்டத்தில் ஓடுகிறது! கூட்டமைப்புக்கு 60 சில்வர் டம்ளர் வாங்கினால் கழுவிக் கழுவிப் பல வருஷம் வரும். கழுவுவது யார் என்பதில்தான் சண்டை வரும், அதைக் குழுவுக்கு ஒரு மாதம் என்று முறை வைத்துக்கொள்ளலாம்.

நம் விற்பனைப் பொருள்களும் அப்படித்தான். கண்காட்சியில் நம் கடையில் மசாலா, அப்பளம், முறுக்கு எல்லாம் பிளாஸ்டிக் கவரில். காற்றுப் புகாமல் இருக்க வேறு வழி இப்போதைக்கு இல்லை என்பது உண்மைதான். கருப்பட்டிக்கு ஓலைக் கொட்டான் உண்டே? மணப்பாட்டுப் பெண்கள் பனை ஓலையில் பெட்டி முடைந்து வெளியூருக்கெல்லாம் அனுப்புகிறார்கள். பத்தமடைக் கோரைப் பாய் நம் ஆற்றங்கரைச் சரக்கு, அதற்கு ஊரெல்லாம் பெயர். ஆனால் நம் வீட்டில் விரித்திருப்பது பிளாஸ்டிக் பாய். ஓரம் உதிர ஆரம்பித்த பிளாஸ்டிக் பாயைக் கூட்டிப் பாருங்கள், துடைப்பத்தில் என்ன வருகிறது என்று தெரியும்.

அடுப்பு பற்ற வைக்கக் கவரைக் கொளுத்துவதை மட்டும் கண்டிப்பாக நிறுத்த வேண்டும். புகை முதலில் போவது உங்கள் மூச்சுக்குள். எரிந்து மிஞ்சிய சாம்பலிலும் துகள் இருக்கும், அது கொல்லை மண்ணில் கலக்கும். மாதவிடாய் நாப்கினையும் வாய்க்காலில் போடாதீர்கள். வெட்கப்பட்டு இரவில் போய்ப் போடுகிறோம், காலையில் அது அடுத்த ஊர்ப் படித்துறையில் மிதக்கும். மேல் உறையும் அடித்தாளும் பிளாஸ்டிக். துவைத்துப் பயன்படுத்தும் பருத்தி நாப்கின் தைக்கத் தெரிந்தவர்கள் நம் குழுக்களிலேயே இருக்கிறார்கள், கூட்டத்தில் பேசுங்கள்.

அடுத்த கூட்டத்துக்கு ஒரு வேலை. ஒரு வாரம் உங்கள் வீட்டில் சேருகிற பிளாஸ்டிக்கைக் கழுவிக் காயவைத்து ஒரு சாக்கில் கொண்டு வாருங்கள். பழைய இரும்புக் கடைக்காரர் ஒருவரை வரச் சொல்லலாம். எதை எடுப்பார், என்ன விலை, எதைத் தொடவே மாட்டார் என்று அவர் பிரித்துக் காட்டட்டும். எடுக்கிறதை விற்ற காசு குழுக் கணக்கில் வரவு. எடுக்காததை எடைபோட்டு, என்னென்ன பொருள் என்று எழுதிக்கொள்வோம். மார்ச் 22 உலகத் தண்ணீர் தின கிராம சபையில் அந்தத் தாளைக் கொடுத்து, தூய்மைக் காவலர்கள் வாரத்தில் எந்த நாள் எந்தத் தெருவுக்கு வருவார்கள், சேர்ந்தது எங்கே போகிறது என்று கேட்டுத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைப்போம். ஷாம்பு பாக்கெட், பாக்குப் பாக்கெட் சின்னதாக இருக்கிறதே என்று விட்டுவிடாதீர்கள். கடைக்காரர் எடுக்க மாட்டேன் என்று சொல்லப்போவது பெரும்பாலும் அதைத்தான்.