+870 வந்தால் கட் பண்ணாதே

மாப்பிள்ளை முதல் தடவையாகக் கப்பல் ஏறப் போகிறார். துணிமணி, மாத்திரை எல்லாம் எடுத்து வைத்துவிட்டாய். இனி உன் போனையும் கொஞ்சம் தயார்பண்ணு.

+870 என்று தொடங்கும் அழைப்பு வந்தால் எடுத்துப் பேசு. உன் அத்தான் கடலிலிருந்து முதலில் கூப்பிட்டபோது, ஏதோ மோசடிக்காரன் என்று நான் கட் பண்ணிவிட்டேன். அடுத்த அழைப்பு வர ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளும் உனக்கு வேண்டாம்.

நமக்கு 91, சிங்கப்பூருக்கு 65. 870 எந்த நாட்டுக்கும் உரியதில்லை. இன்மார்சாட் செயற்கைக்கோள் சேவைக்கென்றே ஒதுக்கிய எண். முன்பெல்லாம் கடலுக்குக் கடல் எண் மாறும். இந்தியப் பெருங்கடலுக்கு 873, பசிபிக்குக்கு 872, அட்லாண்டிக்கின் கிழக்குப் பக்கம் 871, மேற்குப் பக்கம் 874. கப்பல் இன்று எந்தக் கடலில் போகிறது என்று தெரியாவிட்டால் வீட்டிலிருந்து கூப்பிடுவதே கஷ்டம். அந்தக் காலத்து மனைவிமார் எப்படித்தான் சமாளித்தார்களோ! 2008 முடிவோடு அந்த நான்கும் போய்விட்டன. இப்போது எந்தக் கடலானாலும் 870தான். வேறு செயற்கைக்கோள் போன்களும் உண்டு. 8816, 8817 என்றால் இரிடியம். 88216 என்றால் துரையா.

பேசும்போது பொறுமை வேண்டும். இன்மார்சாட் செயற்கைக்கோள் பூமத்திய ரேகைக்கு மேலே சுமார் 36,000 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. உன் குரல் மேலே ஏறி இறங்கவே கால் விநாடி. அவர் பதில் வரவும் அதே அளவு. "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு நிறுத்து. சத்தம் இல்லையே என்று "ஹலோ, ஹலோ" என்றால், அவர் பதிலும் உன் ஹலோவும் மோதி இரண்டுமே புரியாது.

அந்த 870 எண்ணுக்கு நீயாகத் திருப்பிக் கூப்பிடாதே. நிமிஷத்துக்கு நூற்றுக்கணக்கில் ரூபாய் போகும். சாதாரண ஐஎஸ்டி பேக்கில் இது பெரும்பாலும் சேராது. ஒரு ரிங் விட்டு வைத்துவிட்டு, நாம் திருப்பிக் கூப்பிடுவதில் காசு பார்க்கும் கூட்டமும் இந்த மாதிரி எண்களைப் பயன்படுத்துகிறது. அவரே கூப்பிடட்டும். அவசரம் என்றால் கம்பெனி அலுவலகத்துக்குப் போன் பண்ணு. அந்த அலுவலக எண்ணோடு கப்பல் பெயரையும் அதன் ஐஎம்ஓ அடையாள எண்ணையும் ஒரு தாளில் எழுதி ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டி வை.

இப்போது பல கப்பல்களில் வைஃபை இருக்கிறது, வாட்ஸ்அப்பிலேயே முகம் பார்க்கலாம். அது நின்றுபோகும் நாளுக்குத்தான் இந்த 870.

இன்னொன்று, இதை அவர் கிளம்பும் முன்பே சொல்லிவிடு. வெளிநாட்டுத் துறைமுகத்தில் துரையா, இரிடியம் போன் மலிவாகக் கிடைத்தாலும் வாங்கி வரக் கூடாது. தொலைத்தொடர்புத் துறை அனுமதி இல்லாமல் அதை இந்தியாவுக்குள் கொண்டுவருவது குற்றம். பெட்டிக்குள் சும்மா கிடந்ததற்கே விமான நிலையத்தில் பிடிபட்டவர்கள் உண்டு.