மூன்று ஊர், ஒரே டீம்

சென்னை, மியூனிக், சியாட்டில் என்று பிரிந்திருக்கும் மென்பொருள் டீமை நடத்துகிறவர்களுக்கு இது. கோடையில் சியாட்டிலில் காலை 9 மணி என்றால் சென்னையில் இரவு 9.30. நவம்பர் முதல் ஞாயிறு அங்கே கடிகாரத்தை மாற்றியதும் அது 10.30 ஆகிவிடும். தூரத்தின் சுமையை எப்போதும் ஒரே ஊர் சுமந்தால், அந்த ஊரில்தான் ஆட்கள் முதலில் விலகுவார்கள்.

செய்ய வேண்டியவை

• மீட்டிங் நேரத்தைச் சுழற்றுங்கள். ஒரு மாதம் சென்னை இரவில் உட்கார்ந்தால் அடுத்த மாதம் சியாட்டில் காலை 6.30க்கு வரட்டும், கோடையில் என்றால் சென்னையில் அப்போது மாலை 7 மணிதான். மார்ச்சில் அமெரிக்கா இரண்டாவது ஞாயிறும் ஐரோப்பா கடைசி ஞாயிறும் கடிகாரத்தை மாற்றுகின்றன. இடைப்பட்ட வாரங்களுக்கு அழைப்பை முன்பே திருத்தி அனுப்புங்கள்.

• முடிவுகளை எழுதி வையுங்கள், காரணத்தோடு. லினக்ஸ் கர்னலை உலகெங்கும் உள்ளவர்கள் மெயிலில் பேட்ச் அனுப்பி, எழுத்திலேயே வாதாடி வளர்க்கிறார்கள். 2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் (Git) கருவியை உருவாக்கியதே அந்த வேலைக்காகத்தான்.

• நாள் முடிவில் ஹேண்ட்ஓவர் குறிப்பு கட்டாயம். “வேலை நடக்கிறது” என்பது குறிப்பு ஆகாது. இப்படி இருக்கட்டும்: “பேமென்ட் டைம்அவுட்டை 30 நொடி ஆக்கினேன். ஸ்டேஜிங்கில் இரண்டு டெஸ்ட் இன்னும் ஃபெயில். லாக் டிக்கெட்டில் இருக்கிறது. நீங்கள் பார்க்க வேண்டியது டேட்டாபேஸ் கனெக்‌ஷன் மட்டும்.” இதைப் படித்தவர் யாரையும் எழுப்பாமல் வேலையைத் தொடரலாம்.

• ஒவ்வொரு ஊருக்கும் ஒரு முழுப் பகுதியை ஒப்படையுங்கள்: டிசைன், கோட், புரொடக்‌ஷன் எல்லாம் சேர்த்து. ஒரு நிறுவனத்துக்குள் தகவல் எந்த வழியில் போகிறதோ, அந்த நிறுவனம் வடிவமைக்கும் மென்பொருளும் அதே உருவத்தில் அமையும் என்று மெல்வின் கான்வே 1968இலேயே எழுதினார். டிசைனை சியாட்டிலில் வைத்துக்கொண்டு பக் திருத்துவதை மட்டும் சென்னைக்குத் தள்ளினால், கெட்டிக்காரர்கள் சென்னை டீமில் தங்கமாட்டார்கள். இந்தப் பட்டியலில் நான் முதலிடம் தருவது இதற்குத்தான்.

• இரண்டு டீமின் கோட் சந்திக்கும் இடத்தைத் தினமும் தானாகச் சோதிக்க ஏற்பாடு செய்யுங்கள். 1999இல் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் தொலைந்தது இப்படிப்பட்ட இடத்தில்தான். லாக்ஹீட் மார்ட்டினின் மென்பொருள் பவுண்டு-விநாடியில் எண்களைத் தந்தது; நாசாவின் ஜேபிஎல் ஆய்வகம் அவற்றை நியூட்டன்-விநாடி என்று எடுத்துக்கொண்டது. எந்த அலகு என்பது ஆவணத்தில் தெளிவாகவே இருந்தது. இத்தனைக்கும் இரண்டு பக்கமும் ஒரே நாடு, ஒரே மொழி.

செய்யக்கூடாதவை

• 03/04 என்று தேதி எழுதாதீர்கள். சியாட்டிலுக்கு அது மார்ச் 4, சென்னைக்கு ஏப்ரல் 3. 2025-04-03 என்று எழுதுங்கள். சர்வரில் நேரத்தை யூடிசியில் சேமியுங்கள்.

• சியாட்டிலின் வெள்ளி மாலையில் ரிலீஸ் வேண்டாம். சென்னையில் அப்போது சனி விடியற்காலை.

• சாட்டில் பச்சைப் புள்ளி எரிகிறதா என்று பார்த்து யாரையும் எடைபோடாதீர்கள்.

• பொங்கல் வாரத்தில் டெட்லைன் வைக்காதீர்கள். நன்றி நவிலல் நாளுக்குக் காட்டும் மரியாதை அதற்கும் உண்டு.

• ரிவ்யூவில் “தவறு” என்று மட்டும் எழுதிவிட்டுத் தூங்கப் போகாதீர்கள். எந்த வரி, ஏன், எப்படி மாற்றலாம் என்று சொல்லாவிட்டால் அடுத்தவருக்கு ஒரு முழு நாள் போகும்.

• பயணத்துக்கு மேனேஜரை மட்டும் அனுப்பாதீர்கள். கோட் எழுதுகிறவர்கள் வருடத்துக்கு ஒரு முறையாவது நேரில் ஒரே மேசையில் உட்கார வேண்டும். சென்னையிலிருந்து மியூனிக் போக ஷெங்கன் விசா அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே நாளாகலாம். ஏற்பாட்டை முன்கூட்டியே தொடங்குங்கள்.