அழுங்கு: கமக்காரரின் நண்பன்

இலங்கையின் காடுகளிலும் அவற்றையடுத்த கமங்களிலும் வாழும் அழுங்கு அருகி வருகின்றது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் 2014ஆம் ஆண்டில் இதனை அழிவை எதிர்நோக்கும் இனங்களுட் சேர்த்தது.

உணவு

அழுங்கிற்குப் பற்கள் இல்லை. கறையானும் எறும்புமே இதன் உணவாகும். இரவில் வெளிவந்து, வலிய நகங்களாற் புற்றைப் பிளந்து, பசையுள்ள நீண்ட நாவினால் அவற்றைப் பற்றி உண்ணும். தென்னங்கன்றுகளையும் வேலிக் கட்டைகளையும் அரிக்கும் கறையானை இது செலவின்றிக் குறைக்கின்றது. பயிர் எதனையும் உண்பதில்லை. தோட்டத்திற் காணப்படும் இதன் குழிகள் இரை தேடியதன் அடையாளங்களேயாம்.

குறைவதற்குக் காரணம்

இறைச்சிக்காகவும் செதிலுக்காகவும் அழுங்கு வேட்டையாடப்படுகின்றது. செதில் மனிதரின் நகத்தை ஒத்த பொருளாலானது. அது நோய் தீர்க்குமென நிறுவப்படவில்லை. ஆபத்து நேரின் அழுங்கு பந்துபோற் சுருண்டு கொள்ளும். சிறுத்தையிடமிருந்து காக்கும் இவ்வழக்கமே மனிதர் கையில் அதனை எளிதில் அகப்படுத்துகின்றது. பெரும்பாலும் ஓர் ஈற்றில் ஒரு குட்டியே ஈனுவதால், கொல்லப்பட்டதன் இடம் நிரம்ப நெடுங்காலஞ் செல்லும்.

கமக்காரர் செய்ய வேண்டியவை

1. கமத்தில் அழுங்கைக் கண்டால் அதன் வழியே போகவிடுதல் வேண்டும். நாய்களைக் கட்டி வைத்தல் வேண்டும்.

2. அதன் வளைகளை அடைத்தலும் அவற்றுட் புகையூட்டுதலும் ஆகா.

3. கமத்தின் ஓரத்துப் பற்றைகளுக்குத் தீ வைத்தலாகாது.

4. பன்றிக்கெனக் கண்ணி வைத்தலும் மின்கம்பி இழுத்தலும் தவிர்க்கப்படல் வேண்டும். மின்கம்பி மனித உயிரையும் பறிக்கும்.

5. காயமுற்ற அழுங்கைக் கண்டால் வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்தினர்க்கு உடன் அறிவித்தல் வேண்டும்.

அழுங்கைக் கொல்லுதலும் பிடித்தலும் விற்றலும் சட்டப்படி குற்றமாகும்.