கித்தானில் ஒரு தாமரைத் தடாகம்: முதன்முதல் தூரிகை ஏந்துவோர்க்கு

கோடை விடுமுறையில் நம் இல்லங்களுக்குச் செல்லுங்கால், சிறுவர் சிறுமியர் கித்தான் அட்டையை முன்வைத்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கும் காட்சியை இந்நாளில் பரவலாகக் காண்கின்றோம். கேன்வாஸ் என்று அவர்கள் கூறும் கித்தான் இன்று எழுதுபொருள் கடைகளிலேயே கிடைக்கின்றது. மகிழ்ச்சியே. ஆயினும், அவர்கள் பார்த்தெழுதும் மாதிரிகளோ பனிமூடிய மலை, ஊசியிலைக் காடு, ஏரிக்கரை மரவீடு ஆகியனவாகவே உள்ளன. கண் பழகாத பொருளைக் கை எங்ஙனம் எழுதும்? மாதிரியை ஒற்றியெடுப்பதோடு பயிற்சி நின்றுவிடும்.

அறிந்ததிலிருந்து அறியாததற்குச் செல்க என்பது ஆசிரியப் பயிற்சியில் நாம் கற்ற முதற்பாடம். நம் குழந்தைகள் அறிந்த பொருள் தாமரை. அருகன் திருவடிக்கீழ் அதனைக் கண்டு வளர்ந்தவர்கள் அவர்கள். மேலும், தாமரைக் குளத்தை எவ்வாறு எழுதுவது என்பதற்கு நம் சமயத்தாரே விட்டுச்சென்ற மாதிரியொன்று ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகச் சித்தன்னவாசலில் உள்ளது. அதனையே இப்பாடத்திற்கு மாதிரியாகக் கொள்கின்றோம்.

சித்தன்னவாசல் விதானம்

புதுக்கோட்டைக்கு அண்மையிலுள்ள இக்குன்றின் குடைவரை அறிவர் கோயில் என வழங்கும். பாண்டியன் ஸ்ரீமாறன் ஸ்ரீவல்லபன் காலத்தில் (815–862) மதுரை ஆசிரியன் இளங்கௌதமன் இதன் அர்த்தமண்டபத்தைப் புதுக்கி, முகமண்டபமும் எடுப்பித்த செய்தியை அங்குள்ள தமிழ்க் கல்வெட்டு கூறுகின்றது. அர்த்தமண்டப விதானத்தில் விரிந்திருப்பதே நாம் கூறும் தடாகம். சமவசரணத்துள் பவ்வியர் மலர் கொய்யும் காதிகா பூமி இது என்று அறிஞர் கொள்வர். மலர், மொட்டு, இலை, மீன், அன்னம், யானை, எருமை ஆகியவற்றினிடையே மூவர் மலர் பறித்து நிற்கின்றனர். காலத்தாலும் மனிதர் கையாலும் சிதைந்து பல பகுதிகள் உதிர்ந்துவிட்டன. எஞ்சியதும் மங்கி வருகின்றது. நம் பிள்ளைகள் ஒருமுறையேனும் அதனைத் தம் கையால் எழுதிப் பார்க்க வேண்டும் என்று நாம் விழைவதற்கு இதுவும் காரணம்.

தொடக்க நிலையினர்க்கு இவ்வோவியம் ஏற்றதாவதற்கு வேறு மூன்று காரணங்கள் உள. முதலாவது, நிறங்கள் மிகச் சில. சுவரோவியங்களை வேதியியல் முறையில் ஆய்ந்த எஸ். பரமசிவன் அவர்களின் ஆய்வினால், வெண்மைக்குச் சுண்ணாம்பும், கருமைக்கு மரக்கரியும், மஞ்சளுக்கும் சிவப்புக்கும் காவி மண்ணும் பயன்பட்டமை தெரிய வந்தது. இரண்டாவது, தொலைவில் உள்ளது சிறிதாகவும் அருகில் உள்ளது பெரிதாகவும் காட்டும் கணக்கு இங்கு இல்லை. குளத்தை மேலிருந்து நோக்குகின்றோம். பூவையோ பக்கத்திலிருந்து நோக்குகின்றோம். பத்து வயதுக் குழந்தை இயல்பாக எழுதுவதும் இவ்வாறுதான். மூன்றாவது, ஒளிநிழல் நுணுக்கம் இதில் குறைவு. தட்டையான நிறமும் அதனைச் சூழ்ந்த கோடுமே உருவத்தைக் காட்டுகின்றன. ஆகவே நிறம் பூசவும் கோடு இழுக்கவும் தெரிந்தால் போதும்.

தூரிகையும் வண்ணமும்

இப்பகுதியைப் பெற்றோர் ஊன்றிப் படித்தல் வேண்டும். கடையில் அழகிய உறையில் வரும் தூரிகையின் முனை எவ்வுயிரின் மயிர் என்று நாம் கேட்பதில்லை. ஹாக் என்று அச்சிட்டிருப்பின் அது பன்றி மயிர். சேபிள் என்பது கீரியை ஒத்த ஒரு குளிர்நாட்டு விலங்கின் வால்மயிர். ஸ்குவிரல் என்பது அணில். நம் நாட்டில் கீரி மயிரில் செய்த தூரிகைகளும் நெடுங்காலம் விற்பனையில் இருந்தன. கீரிகளைக் கொன்றே அம்மயிரை எடுப்பர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் (1972) கீரிக்கும் காப்பளிக்கின்றது. ஆதலால் அத்தூரிகையை வாங்குவதும் விற்பதும் குற்றம். சட்டம் சொல்லாவிடினும், கொல்லாமையை முதல் அணுவிரதமாகக் கொண்ட இல்லத்தில் அதற்கு இடமேது? சிந்தெடிக் அல்லது நைலான் என்று அச்சிட்ட தூரிகையைக் கேட்டு வாங்குக. விலையும் குறைவு, நீர்வழி வண்ணத்திற்கு அதுவே நன்கு உழைக்கும். தட்டைத் தூரிகை அகலமானது ஒன்று, நடுத்தரமானது ஒன்று, கூர்முனை உருண்டைத் தூரிகை இரண்டாம் எண் ஒன்று: இம்மூன்றும் போதும். பெட்டி நிறையத் தூரிகை வாங்கித் தருவதில் பயனில்லை.

வண்ணங்களிலும் இதே கவனம் தேவை. எண்ணெய் வண்ண ஓவியர் கித்தானுக்கு முயல்தோலிலிருந்து காய்ச்சிய பசையைப் பூசுவது ஐரோப்பாவில் பழைய வழக்கம். இன்று கடைகளில் கிடைக்கும் கித்தான் அட்டைகளில் பெரும்பாலும் அக்ரிலிக் ஜெஸ்ஸோ என்னும் வெண்பூச்சே உள்ளது. அதனைக் கேட்டறிந்து, பருத்திக் கித்தானாகவே வாங்குக. ஐவரி பிளாக் என்னும் கருப்பு எலும்பைக் கரியாக்கிச் செய்வது. பல நிறுவனங்கள் குழாயின் பின்புறத்தில் நிறமியின் குறியெண்ணைச் சிறு எழுத்தில் அச்சிடுகின்றன. பி.பி.கே. 9 என்றிருப்பின் அது எலும்புக் கரி. பி.பி.கே. 11 என்றிருப்பின் இரும்பிலிருந்து பெற்ற மார்ஸ் பிளாக். இதனைத் தயக்கமின்றிக் கொள்ளலாம். இயற்கைக் கார்மைன் சிவப்பு கொச்சினீல் என்னும் பூச்சிகளை நசுக்கி எடுப்பது. சிலவகை நீர்வண்ணங்களில் தேன் கலப்பர். தேனை உண்ணாத நாம் அதனைத் தூரிகையில் மட்டும் ஏற்பானேன்? முடிந்த ஓவியத்தின்மேல் பூசும் வார்னிஷ் அரக்கிலிருந்து செய்ததாயின் அரக்குப் பூச்சியின் அழிவு அதில் அடங்கும். அக்ரிலிக் வார்னிஷ் கிடைக்கின்றது. இவையெல்லாம் மிகை என்று சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். கடைக்காரரிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு என்ன செலவு?

அக்ரிலிக் வண்ணத்தில் ஐந்து குழாய்கள் மட்டும் வாங்குக: வெள்ளை, மஞ்சட்காவி (எல்லோ ஆக்கர்), செங்காவி (இந்தியன் ரெட்), அல்ட்ராமரைன் நீலம், மார்ஸ் பிளாக். பச்சைக் குழாய் வேண்டா. மூன்று பங்கு மஞ்சட்காவியோடு ஒரு பங்கு நீலமும் சிறிது வெள்ளையும் கலந்தால் அடங்கிய பச்சை உண்டாகும். கடைப் பச்சையின் பளிச்சென்ற நிறம் விதானத்துப் பச்சைக்குச் சற்றும் பொருந்தாது. கலப்பதற்குப் பழைய பீங்கான் தட்டு ஒன்று, நீருக்கு இரண்டு கிண்ணங்கள், துடைக்கப் பழந்துணி.

முதற் பயிற்சி: பிறை

எடுத்த எடுப்பில் தடாகத்திற்குச் செல்லலாகாது. தூரிகை கைக்குப் பழக வேண்டும். அதற்கு எட்டாம் தீர்த்தங்கரர் சந்திரப்பிரபரின் இலாஞ்சனமாகிய பிறையைக் கொள்வோம். எட்டுக்குப் பத்து அங்குல அட்டையின் நடுவே சிறு கிண்ணத்தைக் கவிழ்த்துப் பென்சிலால் வட்டமிடுக. பிறகு கிண்ணத்தைச் சற்றே மேல்நோக்கி நகர்த்தி மறுபடியும் வட்டமிட்டால் பிறை கிடைக்கும். நீலத்தோடு மிகச் சிறிது கருப்புக் கலந்து, பிறையைத் தவிர்த்து எங்கும் தட்டைத் தூரிகையால் பூசுக. முதற்பூச்சு இடமிருந்து வலமாக. கால்மணி நேரத்திற்குப் பின், தொட்டால் ஒட்டாத நிலையில், இரண்டாம் பூச்சு மேலிருந்து கீழாக. முதற்பூச்சில் திட்டுத்திட்டாகத் தோன்றுவது கண்டு குழந்தை மனம் தளரும். இரண்டாம் பூச்சில் சீராகும் என்று முன்னரே கூறிவிடுக. பிறைக்கு வெள்ளை, அதில் ஊசிமுனையளவு மஞ்சட்காவி. தட்டையாக நிறம் பூசுதல், விளிம்பு கெடாது நிறுத்துதல், காயும் வரை காத்திருத்தல் ஆகிய மூன்றும் இதிலேயே கைவரும். மூன்றாவதே கடினம்.

விரும்புவோர் அடுத்து மல்லிநாதரின் கலசத்தை எழுதலாம். தாளை இரண்டாக மடித்துப் பாதிக் கலசத்தை வெட்டி விரித்தால் இருபுறமும் ஒத்த வடிவம் கிடைக்கும். நேமிநாதரின் சங்கும் மகாவீரரின் சிங்கமும் பிறகு ஆகட்டும். தீர்த்தங்கரர் திருவுருவையே எழுத வேண்டும் என்று குழந்தை ஆசைப்படுவது இயல்பு. நாம் அதனைத் தள்ளி வைக்கவே சொல்வோம். உறுப்பளவு அறியாமல் எழுதிய திருமுகம் கோணினால் குழந்தைக்கே வருத்தம். அவ்வட்டையைப் பின்னர் எங்கு வைப்பது என்பது பெரியோர்க்கும் இடர்ப்பாடு.

தடாகம்

பன்னிரண்டுக்குப் பதினாறு அங்குல அட்டையை எடுத்துக்கொள்க. முன்சொன்ன பச்சையைச் சிறிது நீர் சேர்த்து அட்டை முழுவதும் பூசி உலர விடுக. இதுவே நீர். இனி இலைகள். தாமரையிலை வட்டமானது, ஆயினும் எல்லாவற்றையும் வட்டமாகவே எழுதினால் அப்பளம் பரப்பியது போலாகும். சில வட்டம், சில நீள்வட்டம், ஓரம் மடிந்தவை இரண்டொன்று. ஒன்றையொன்று மறைத்துக் கிடக்கட்டும். இலைக்குரிய பச்சையில் நீலத்தைச் சற்று மிகுக்க வேண்டும். மடிந்த ஓரத்தில் தெரியும் இலையடிக்கு வெள்ளையை மிகுக்க வேண்டும். இடையிடையே நீர் தெரிவதற்கு இடம் விடுக. விதானத்தில் இலைகள் குளத்தை நிறைத்திருப்பினும், தொடங்குவோர் அட்டையில் பத்து இலைகளுக்கு மேல் வேண்டா.

மலரைப் பற்றிச் சற்று விரிவாகக் கூறவேண்டும், ஏனெனில் குழந்தைகள் தடுமாறுவது இங்குதான். தாமரை என்றவுடன் எல்லாரும் முழுமலர்ச்சியையே எழுதுவர். சித்தன்னவாசல் ஓவியரோ ஒரே குளத்தில் மொட்டையும், மலரும் பருவத்துப் போதையும், விரிந்த மலரையும் கலந்து வைத்தார். அதனால்தான் அக்குளம் உயிரோடு தோன்றுகின்றது. முதலில் மொட்டு: குத்துவிளக்கின் சுடர் வடிவம் ஒன்றே. போது: நடுவே ஒரு சுடர், இருபுறமும் அதன் பின்னே பாதி மறைந்த இரு சுடர்கள். மலர்: நடுச்சுடரின் இருமருங்கும் மும்மூன்று இதழ்கள், வெளியிதழ்கள் சற்றுச் சாய்ந்து. ஆக, சுடர் ஒன்றை எழுதத் தெரிந்தால் மலர் வரும். பழைய செய்தித்தாளில் ஐம்பது சுடர்கள் எழுதிய பின்னரே அட்டைக்கு வருக.

இதழின் நிறம் வெள்ளையில் செங்காவியைக் கலந்தது. செங்காவியில் வெள்ளையைக் கலக்கத் தொடங்கினால் வெள்ளைக் குழாய் தீர்ந்தாலும் நிறம் இளகாது. வெள்ளையில் சிவப்பைத் துளித்துளியாகச் சேர்க்க வேண்டும். இதழ் நுனியில் சிவப்புச் சற்று மிகட்டும். ஓரிரு மலர்களை வெண்டாமரையாகவே விடலாம்.

எல்லாம் உலர்ந்தபின் கோடு. செங்காவியில் சிறிது கருப்புச் சேர்த்து, மை போல் ஓடும்வரை நீர்விட்டு, உருண்டைத் தூரிகையால் இதழையும் இலையையும் சுற்றி வரைக. விரலை மட்டும் அசைத்தால் கோடு நடுங்கும். முழங்கையும் தோளும் சேர்ந்து அசைய வேண்டும். வாசலில் இழைக்கோலம் இடும் நம் மகளிர்க்கு இது புதிதன்று. கோலமிழுத்த கை தூரிகைக் கோட்டிற்கு அரைப்பங்கு பழகிய கை. பாட்டியார் ஒருவர் பேத்தியின் அருகமர்ந்து கோடிழுத்துக் காட்டுவாராயின், எந்தப் பயிற்சி வகுப்பும் அதற்கு ஈடாகாது. இருவளைவு சேர்ந்தால் மீன். இலைகளுக்கிடையே இரண்டு மீன்களை விடுக. யானையும் எருமையும் மலர் கொய்யும் பவ்வியரும் இவ்வாண்டுக்கு வேண்டா.

கை தேறியோர் அடுத்துக் காஞ்சிபுரத்தை அடுத்த திருப்பருத்திக்குன்றம் செல்க. 1387-இல் அமைச்சர் இருகப்பர் கட்டிய சங்கீத மண்டபத்தின் விதானத்தில் விருஷபர், நேமி, வர்த்தமானர் வரலாறுகள் வரிசை வரிசையாக எழுதப்பட்டுள்ளன. கதையை ஓவியத்தில் சொல்வது எப்படி என்பதற்கு அது தனிப்பாடம்.

பகலும் நீரும்

ஓவியம் எழுதப் பகலே உகந்தது. விளக்கொளியில் நிறம் மாறித் தோன்றும் என்பது ஒன்று. விளக்கை நாடிவரும் சிற்றுயிர்கள் ஈரவண்ணத்தில் ஒட்டி மடியும் என்பது மற்றொன்று. மழைக்காலத்தில் இது மிகும். வடிகட்டிய நீரையே கிண்ணத்தில் கொள்க. எழுந்து செல்லும்போது துணியால் மூடுக. அக்ரிலிக் உலர்ந்தால் ஞெகிழியாகும் பொருள். அதன் கழுநீரைச் செடிக்கும் கிணற்றடிக்கும் சாக்கடைக்கும் ஊற்றலாகாது. தூரிகையை முதலில் பழந்துணியில் நன்கு துடைத்துவிட்டுப் பிறகு கழுவினால் கழுநீர் மிகக் குறையும். அதனை அகன்ற தட்டில் ஊற்றி வெயிலில் வைத்து அன்றே வற்ற விடுக. நாட்கணக்கில் தேங்கினால் புழு உண்டாகும். வற்றியபின் தட்டில் ஒட்டிய ஏட்டை உரித்துக் குப்பையில் இடலாம்.

முடிந்த தடாகத்தை ஒருநாள் முழுதும் உலர விட்டு, வார்னிஷ் ஒரு பூச்சுப் பூசுக. அட்டையின் பின்புறத்தில் பெயர், வயது, நாள் ஆகியவற்றோடு, பார்த்தெழுதியது சித்தன்னவாசல் விதானம் என்பதையும் குழந்தை தன் கையாலேயே தமிழில் எழுதட்டும். சித்தன்னவாசலுக்குச் செல்லும் நாளில் அவ்வட்டையையும் உடன் எடுத்துச் செல்க. விதானத்தின்கீழ் நின்று, தான் எந்த மலரை விட்டுவிட்டோம் என்று குழந்தையே தேடிக் கண்டுபிடிக்கும்.