போமோவிடம் போகுமுன் வியாபாரி கேட்க வேண்டிய மூன்று கேள்விகள்



கடையில் விற்பனை குறைந்தாலும், வீட்டில் ஒருவருக்கு நோய் நீண்டாலும், "ஜொகூரில் நல்ல போமோ ஒருவர் இருக்கிறாராம்" என்ற பேச்சு நம் வியாபாரிகளிடையே எழுவதுண்டு. அதைக் கேட்டுச் சிரிப்போரும் உண்டு. மறுநாளே வண்டியேறிப் போவோரும் உண்டு. இவ்விரண்டும் சரியன்று என்பது நம் கருத்து. மூட்டை வந்தவுடன் பிரித்துப் பார்த்து, நல்லதை ஒரு புறமும் கெட்டதை ஒரு புறமும் ஒதுக்குவது வியாபாரியின் வழக்கம். போமோவின் தொழிலையும் அவ்விதமே பிரித்துப் பார்ப்போம்.

பெயர்களும் தொழில்களும்

நாம் எல்லாரையும் போமோ என்று ஒரே பெயரில் அழைத்துவிடுகிறோம். மலாய்க்காரர் அப்படி அழைப்பதில்லை. நோய்க்கு மருந்தும் மந்திரமும் செய்பவர் போமோ. ஜாவா பக்கத்தார் அவரை டுக்குன் என்பார்கள். கடலுக்கும், காட்டுக்கும், வயலுக்கும், ஈயச் சுரங்கத்துக்கும் சடங்கு செய்தவர் பாவாங். பிரசவம் பார்க்கும் மருத்துவச்சி பீடான். உடம்பு பிடித்துவிடுபவர் துக்காங் ஊருட். எலும்பு முறிவுக்குக் கட்டுப்போடுபவர் போமோ பாத்தா. ஆகவே ஒருவரைப் பற்றிக் கேட்ட நல்லதையோ கெட்டதையோ மற்றவர் மேல் ஏற்றுவது நியாயமன்று.

இத்தொழிலைப் பற்றி வெள்ளைக்கார அதிகாரிகள் பலவற்றை எழுதி வைத்தார்கள். ஸ்கீட் என்பவரின் நூல் 1900ல் வெளிவந்தது. வின்ஸ்டெட் என்பவர் 1925ல் எழுதிய நூலின் பெயரிலேயே ஆவியழைப்போர், சைவர், சூஃபி என்ற மூன்றும் இருக்கின்றன. அதன் கருத்து யாதெனில், பழங்கால மலாய் வழக்கத்தின் மேல் இந்தியாவிலிருந்து வந்தது படிந்தது; அதன் மேல் இஸ்லாம் படிந்தது. மலாயில் மந்தெரா என்ற சொல் நம் மந்திரமே. அஸீமத் என்ற தாயத்து அரபுச் சொல். பழைய மந்திரங்கள் சிலவற்றில் பத்தாரா குரு என்று சிவனை அழைத்துத் தொடங்கி, கலிமாவைச் சொல்லி முடிப்பதைக் காணலாம்.

எனவே இதை மலாய்க்காரரின் மூடவழக்கம் என்று நாம் ஏளனம் செய்ய வழியில்லை. இதில் பாதிச் சரக்கு நம் கரையிலிருந்து கப்பலேறி வந்தது! நம்மூரில் வேப்பிலை அடிப்பதும், கயிறு மந்திரிப்பதும், கண்ணேறு கழிப்பதும் நாம் அறியாதவை அல்ல.

கையால் செய்யும் வைத்தியம்

முதல் வகை, கையால் செய்வது. பிள்ளை பெற்ற மலாய்ப் பெண்ணுக்கு 44 நாள் பந்தாங் என்ற பத்தியம் உண்டு. உடம்பு பிடிப்பது, சுட்ட கல்லைத் துணியில் சுற்றி வயிற்றில் ஒற்றடம் கொடுப்பது, வயிற்றைத் துணியால் சுற்றிக் கட்டுவது, மஞ்சளும் இஞ்சியும் மிளகும் சேர்ந்த ஜாமு கொடுப்பது ஆகிய யாவும் அதில் அடங்கும். நம் வீட்டுப் பெண்கள் 40 நாள் காப்பதற்கும் இதற்கும் பெரிய தூரமில்லை. அந்த மஞ்சளும் மிளகும் ஜாதிக்காயும் சாம்பிராணியும் பெரும்பாலும் நம்மவர் கடைகளிலேயே வாங்கப்படுகின்றன.

இதில் பிள்ளைப்பேறு மட்டும் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. நம் சிராங்கூன் ரோட்டுக்கு அருகேயுள்ள கண்டாங் கெர்பாவ் ஆஸ்பத்திரி 1924ல் இலவசப் பிரசவ ஆஸ்பத்திரியாயிற்று. அப்பெயருக்கு எருமைத் தொழுவம் என்று பொருள். 1966ஆம் ஆண்டு ஒன்றில் மட்டும் அங்கே 39,835 பிள்ளைகள் பிறந்தன. பிரசவத்தில் இரத்தப்போக்கு நிற்காவிட்டாலும், பிள்ளை குறுக்கே கிடந்தாலும், பீடானின் கையில் என்ன திறமை இருந்தும் போதாது. இரத்தமும் கத்தியும் வேண்டும். இதை எல்லாச் சமூகத்தாரும் உணர்ந்ததால்தான் அந்த மாற்றம் நடந்தது. ஆனால் பிரசவத்துக்குப் பின் உடம்பு பிடித்துவிடும் வழக்கம் இன்றும் நிற்கவில்லை. நிற்க வேண்டிய அவசியமும் இல்லை.

மலேசியச் சர்க்கார் இதில் ஒரு நல்ல வழியைக் காட்டியிருக்கிறது. 2007ல் பினாங்கு மாநிலத்தின் கெப்பாலா பத்தாஸ் ஆஸ்பத்திரியில் பாரம்பரிய வைத்தியப் பிரிவு ஒன்று திறக்கப்பட்டது. பக்கவாதம் கண்டவர்களுக்கும் தீராத வலியுள்ளவர்களுக்கும் மலாய் முறையில் உடம்பு பிடித்துவிட அங்கே ஏற்பாடு செய்தார்கள். 2016ல் இவ்வைத்தியர்களுக்கெனச் சட்டமே வந்தது. கைத்தொழில் டாக்டரின் கண் முன்னே நடந்தால், அதற்கு மதிப்பு உயருமே தவிரக் குறையாது.

ஆனால் ஓர் எச்சரிக்கை. மூட்டுவலிக்கென்று பெயரில்லாத பொட்டலத்தில் விற்கப்படும் சில ஜாமு மாத்திரைகளில், டெக்ஸாமெத்தசோன் என்ற ஆங்கில மருந்து மறைத்துக் கலக்கப்பட்டிருப்பதைச் சிங்கப்பூர் சுகாதார அறிவியல் ஆணையம் பலமுறை கண்டுபிடித்து அறிவித்திருக்கிறது. தின்றவுடன் வலி மாயமாய் மறையும். மாதங்கள் சென்றால் முகம் உப்பும். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் ஏறும். திடீரென்று நிறுத்தினாலும் ஆபத்து. டாக்டரிடம் காட்டியே நிறுத்த வேண்டும். கலப்படம் என்பது மிளகில் பப்பாளி விதை கலப்பதோடு முடிவதில்லை, சகோதரர்களே! யார் செய்தது என்று தெரியாத மருந்தை நம் கடைத் தட்டில் வைப்பது நமக்கு ஆகாது.

மனத்துக்குச் செய்யும் வைத்தியம்

இரண்டாவது வகை, மனத்தைச் சார்ந்தது. கிளந்தான், திரெங்கானு பக்கங்களில் மாயின் புத்தெரி என்றொரு சடங்கு உண்டு. தோக் மிண்டுக் என்பவர் ரெபாப் என்ற வாத்தியத்தை வாசித்துக் கேள்வி கேட்பார். தோக் புத்தெரி என்பவர் தன்னை மறந்த நிலையில் பதில் சொல்வார். கரோல் லேடர்மன் என்ற அமெரிக்க அம்மையார் திரெங்கானுக் கிராமத்தில் தங்கி இதைப் பயின்று 1991ல் நூலாக வெளியிட்டார். மனிதனுக்குள் ஆங்கின், அதாவது காற்று, உண்டு. அவனுடைய ஆசையும் திறமையும் வெளிப்பட வழியின்றி அடைபட்டால் அக்காற்று நோயாகிறது என்பது அவ்வைத்தியர்களின் கொள்கை என்று அவர் விளக்கினார்.

சடங்கை நம் மார்க்கம் ஒப்புவதில்லை. ஆயினும் மனத்தில் அடைத்து வைத்தது உடம்பைக் கெடுக்கும் என்ற பேச்சு பொய்யன்று. கடன் தொல்லையால் உறக்கமில்லாத வியாபாரியைக் கேட்டால் தெரியும். அப்படிப்பட்டவர் மனம் விட்டுப் பேச ஓர் ஆளைத் தேடியே போமோவின் வாசலுக்குப் போகிறார். அவர் பேச வேண்டிய இடம் மனைவியும், நம்பிக்கையான நண்பரும், பள்ளிவாசல் இமாமும், பலதுறை மருந்தக டாக்டருமே. தேவைப்பட்டால் டாக்டர் மனநலக் கழகத்துக்கு எழுதிக் கொடுப்பார். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

ஓதிப் பார்ப்பதை மார்க்கம் தடுக்கவில்லை. ஷிர்க் கலவாத ஓதலில் குற்றமில்லை என்பது ஹதீஸ். விஷக்கடிபட்ட ஒரு கூட்டத் தலைவருக்கு நபித்தோழர் ஒருவர் ஃபாத்திஹா சூரா ஓதி, பேசியபடி ஆடுகளைக் கூலியாகப் பெற்றதையும், நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அதை ஒப்புக்கொண்டதையும் புகாரியில் காணலாம். ஆனால் குறி சொல்பவனுக்குக் கொடுக்கும் கூலியை அவர்கள் விலக்கினார்கள். ஒவ்வொரு நோய்க்கும் மருந்து உண்டு என்றும் அறிவித்தார்கள். ஆகவே துஆவும் மருந்தும் ஒன்றுக்கொன்று பகையல்ல.

எதிரியைக் காட்டும் வித்தை

மூன்றாவது வகையே நாம் அஞ்ச வேண்டியது. "உனக்கு ஒருவன் செய்வினை வைத்திருக்கிறான்" என்று சொல்லும் வகை அது.

1981ல் தோ பாயோவில் இரண்டு பிள்ளைகளைக் கொன்ற ஏட்ரியன் லிம் என்பவன் இவ்வகையைச் சேர்ந்தவன். அவன் மலாய்க்காரனும் அல்ல, முஸ்லிமும் அல்ல. ஆனால் தொழிலை ஒரு போமோவிடம் கற்றவன். முட்டையில் சிறு துளையிட்டு, நெருப்பில் கருக்கிய ஊசிகளை உள்ளே நுழைத்து, துளையை மாவால் அடைத்து வைத்திருப்பான். வந்தவர்களின் உடம்பின் மேல் அம்முட்டையைச் சுற்றிவிட்டு உடைக்கச் சொல்வான். கறுத்த ஊசிகளைக் கண்டு அவர்கள் நடுங்கிப் போவார்கள். பொருளையும் மானத்தையும் அவனிடம் இழந்தவர்கள் பலர். 1988 நவம்பர் 25ல் அவன் தூக்கிலிடப்பட்டான்.

பகாங் மாநிலத்தின் ராவூப் பகுதியில் 1993ல் நடந்ததும் பலருக்கு நினைவிருக்கும். பதவியில் உயர விரும்பிய சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் மோனா ஃபெண்டி என்ற பெண் போமோவை நம்பிப் பெரும் பணம் கொடுத்தார். சடங்குக்கென்று படுக்கச் சொல்லி அவரைக் கொன்றார்கள். அப்பெண்ணும் கணவரும் உதவியாளரும் 2001 நவம்பர் 2ல் தூக்கிலிடப்பட்டார்கள். ஏமாந்தவர் படிப்பில்லாதவர் அல்லர் என்பதைக் கவனிக்க வேண்டும். பேராசை வந்தால் படித்தவர் கண்ணும் மறைந்துவிடும்.

இவை பெரிய குற்றங்கள். ஆனால் ஊருக்குத் தெரியாமல் நடக்கும் சிறிய கேடு ஒன்று உண்டு. நமக்குத் தெரிந்த இரு கடைக்காரர்கள் பல ஆண்டுகள் பக்கத்துப் பக்கத்தில் வியாபாரம் செய்து, கைமாற்று கொடுத்து வாங்கி, ஒருவர் ஊருக்குப் போனால் மற்றவர் கடையைப் பார்த்துக்கொள்ளும் அளவுக்கு இருந்தார்கள். ஒருவருக்கு விற்பனை குறைந்தது. குறிபார்த்தவர், "உன் வலப்பக்கத்தில் இருப்பவன்" என்று சொல்லிவிட்டார். அன்றோடு பேச்சு நின்றது. வலப்பக்கத்தாரின் தாயார் மௌத்தானபோது, இரண்டடி தூரத்திலிருந்தும் இவர் ஜனாஸாவுக்குப் போகவில்லை. விற்பனை குறைந்த காரணமோ, பஸ் நிறுத்தம் இடம் மாறி ஜன நடமாட்டம் தெருவின் மறுமுனைக்குப் போனதுதான். சிட்டையைத் திருப்பிப் பார்த்திருந்தால், எந்த மாதத்திலிருந்து வரவு இறங்கியது என்று அதுவே சொல்லியிருக்கும்.

போமோவுக்குக் கொடுத்த வெள்ளியை மறுபடி சம்பாதித்துக்கொள்ளலாம். ஜனாஸாவுக்குப் போகாத நாளை எங்கே போய்ச் சம்பாதிப்பது?

மூன்று கேள்விகள்

ஆகவே, யாரிடம் போனாலும் மூன்று கேள்விகளை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று: இவர் என் உடம்பைப் பார்க்கிறாரா, எனக்கு எதிரியைக் காட்டுகிறாரா? எதிரியைக் காட்டினால் அந்த இடத்திலேயே எழுந்துவிடுங்கள்.

இரண்டு: டாக்டரிடம் போகாதே, மாத்திரையை நிறுத்து என்கிறாரா? சர்க்கரை, இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, கட்டி ஆகியவற்றில் ஒரு மாதத் தாமதமும் உயிருக்கு விலையாகலாம். நல்ல வைத்தியர் அப்படிச் சொல்லவே மாட்டார்.

மூன்று: கூலி முன்னே பேசப்பட்டதா? இன்று சிறிது, அடுத்த வெள்ளிக்கிழமை இன்னும் சிறிது, பிறகு நகை என்று வளருமானால் அது வைத்தியமன்று. விலை சொல்லாத சரக்கை நாம் கொள்முதல் செய்கிறோமா?

இம்மூன்றிலும் தேறியவர் மலாய்க்காரராயினும், சீனராயினும், நம்மவராயினும், அவரிடம் உடம்பு பிடித்துக்கொள்வதிலும் பத்திய மருந்து வாங்குவதிலும் தடையில்லை. தேறாதவர் எவ்வளவு பெரிய தலைப்பாகை கட்டியிருந்தாலும் அவர் வாசலை மிதிக்க வேண்டாம். வியாபாரம் குறைந்தால் முதலில் பேரேட்டை எடுங்கள், பிறகு தொழுது துஆ கேளுங்கள், பிறகு பக்கத்துக் கடைக்காரரிடமே போய், "உங்களுக்கு எப்படி நடக்கிறது?" என்று கேளுங்கள். அவருக்கும் அதே குறை இருக்கக்கூடும்.