பலர் எழுதும் ஒரே பைல்: பட்டியல் கலைந்தால் என்ன செய்வது?

ராஜபாளையத்திற்கு மேற்கே மலையடிவாரத்தில், ஓடைக்கரையில் இருக்கிறது அய்யனார் கோவில். எங்கள் வகையறா 26 தலைக்கட்டும் சேர்ந்து அங்கே சாமி கும்பிடப் போவது என்று முடிவானது. தலைக்கட்டுக்கு 1,500 ரூபாய் வரி. "நீதான் கம்ப்யூட்டர் படிச்சவன்" என்று கணக்கை என் தலையில் கட்டிவிட்டார்கள். நான் சாப்ட்வேர் இன்ஜினியர்தான். ஆனாலும் கோட்டை விட்டேன்.

முதலில் எக்ஸெல்லில் பட்டியல் போட்டு எல்லோருக்கும் ஈ-மெயிலில் அனுப்பினேன். மலையில் மழை பெய்து ஓடையில் வெள்ளம் வந்தால், வனத்துறை கோவிலுக்குப் போக விடாது. அப்படியே ஆகி, தேதி ஒரு வாரம் தள்ளிப்போனது. திருத்திய பைலை மறுபடி அனுப்பினேன். சென்னைச் சித்தப்பா பழைய பைலைத் திறந்து பார்த்துவிட்டு, பொதிகை எக்ஸ்பிரஸில் ஒரு வாரம் முன்னதாகவே வந்து இறங்கினார்!

ஈ-மெயிலில் இணைத்து அனுப்பும் பைல், ஜெராக்ஸ் எடுத்துக் கொடுப்பது போல. உங்களிடம் உள்ளதை எத்தனை முறை திருத்தினாலும் அடுத்தவரிடம் உள்ளது மாறாது. எனவே கூகுள் ஷீட்ஸுக்கு மாறினேன். இதில் பைல் இன்டர்நெட்டில் ஒரே இடத்தில் இருக்கும். ஒருவர் திருத்தினால் மற்றவர்களுக்கும் உடனே தெரியும். கூகுள் இதை 2006-ல் கொண்டு வந்தது. ஆனால் யோசனை பழையது. தூரத்தில் இருக்கும் இருவர் ஒரே டாகுமெண்டில் சேர்ந்து வேலை செய்வதை, 1968-லேயே அமெரிக்காவில் டக்ளஸ் எங்கல்பார்ட் செய்து காட்டிவிட்டார்.

ஜிமெயில் கணக்கு இருந்தால் போதும், நீங்களும் இலவசமாகப் பயன்படுத்தலாம். லிங்கை வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். லிங்க் உள்ள எவரும் திருத்தலாம் என்று அனுமதியும் கொடுத்துவிட்டேன். இங்கேதான் வினை.

இரண்டே நாளில் பெரியப்பாவிடமிருந்து போன். "என்னப்பா, கொடுத்த காசைக் கொடுக்கலைன்னு எழுதி வச்சிருக்கியாமே?" முழுத் தொகையையும் முதலில் கொடுத்தவரே அவர்தான். பட்டியலில் அவர் பெயருக்கு நேரே 500 என்று இருந்தது. பாதிக்கு மேல் கணக்கு இப்படித்தான். யார் யார் பாக்கி என்று பார்க்க நினைத்த யாரோ, தொகை உள்ள வரிசையை மட்டும் செலக்ட் செய்து சிறியதிலிருந்து பெரியதாக அடுக்கியிருக்கிறார்கள். எண்கள் இடம் மாறின, பெயர்கள் இருந்த இடத்திலேயே நின்றன. கூட்டுத்தொகை மாறாததால் எனக்கும் சந்தேகம் வரவில்லை.

இதைச் சரிசெய்யும் வழி அந்த பைலுக்குள்ளேயே இருக்கிறது. பைல் மெனுவில் 'வெர்ஷன் ஹிஸ்டரி' என்பதைத் திறந்து, 'சீ வெர்ஷன் ஹிஸ்டரி' மீது கிளிக் செய்யுங்கள். எந்த நாளில், எந்த நேரத்தில், என்ன மாறியது என்று வலப்பக்கம் வரிசையாக வரும். கலைவதற்கு முந்தைய நிலையைத் தேர்ந்தெடுத்து, 'ரெஸ்டோர் திஸ் வெர்ஷன்' கொடுத்தால் பழைய பட்டியல் திரும்பிவிடும். அவசரப்பட வேண்டாம். அதற்குப் பிறகு மற்றவர்கள் சரியாக எழுதியதும் சேர்ந்து பின்னால் போய்விடும். எங்கள் பட்டியலில் அப்படி 4 பதிவுகள் இருந்தன. அவற்றை முதலில் பேப்பரில் குறித்துக்கொண்டு, ரெஸ்டோர் செய்தபின் மீண்டும் டைப் செய்தேன். பெரியப்பாவுக்குப் புதிய பட்டியலைக் காட்டியதும் சிரித்தார். அம்மாவிடம் மட்டும் இன்னும் சொல்லிக் காட்டுகிறார்.

2003-ல் தொடங்கிய தமிழ் விக்கிப்பீடியாவும் இந்த ஏற்பாட்டில்தான் நடக்கிறது. பெரும்பாலான பக்கங்களை யாரும் திருத்தலாம். ஒவ்வொரு திருத்தமும் பக்கத்தின் வரலாற்றில் பதிவாகிறது. யாராவது கெடுத்து வைத்தால், இன்னொருவர் முந்தைய நிலைக்குத் திருப்பிவிடுவார். அங்கே கண்காணிக்கப் பலர் உண்டு. நம் வீட்டுப் பட்டியலுக்கு யார் இருக்கிறார்கள்?

அதனால் அனுமதியைக் குறைத்தேன். 'ஷேர்' பட்டனை அழுத்தினால் வியூவர், கமெண்டர், எடிட்டர் என்று மூன்று வகை இருக்கும். வியூவர் பார்க்க மட்டும். கமெண்டர் குறிப்பு எழுதலாம், கணக்கைத் தொட முடியாது. எடிட்டர் எல்லாம் செய்யலாம். பணம் வசூலித்த மூன்று பேரை மட்டும் எடிட்டர் ஆக்கி, மற்றவர்களுக்கு வியூவர் கொடுத்தேன். 'எனிஒன் வித் த லிங்க்' என்பதையும் 'ரெஸ்ட்ரிக்டெட்' ஆக மாற்றினேன். பட்டியலில் எல்லோருடைய செல்போன் எண்ணும் இருந்ததே! வாட்ஸ்அப்பில் போட்ட லிங்க் எங்கெங்கே பார்வர்ட் ஆகும் என்று சொல்ல முடியாது. இப்படி மாற்றினால், பார்க்க வேண்டியவர்களின் ஈ-மெயில் முகவரியை நீங்களே ஒவ்வொன்றாகச் சேர்க்க வேண்டும். கொஞ்சம் வேலைதான்.

எடிட்டர்களும் கலைத்துவிடலாம் அல்லவா? டேட்டா மெனுவில் 'பில்டர் வியூ' உருவாக்கி அதற்குள் அடுக்கிப் பார்க்கச் சொல்லுங்கள். அவரவர் திரையில் வரிசை மாறும். மற்றவர்கள் பார்க்கும் பட்டியல் அப்படியே இருக்கும்.

கோவிலுக்குப் போன அன்று இன்னொரு பாடம். காட்டுக்குள் என் போனில் சிக்னல் இல்லை. ஷீட்ஸ் ஆப்பில் அந்த பைலுக்கு 'மேக் அவைலபிள் ஆப்லைன்' கொடுத்து வைத்திருந்ததால் பட்டியல் திறந்தது. ஆப்லைனில் எழுதியது சிக்னல் கிடைத்ததும் போய்ச் சேரும். ஆனால் ஒரே கட்டத்தில் இரண்டு பேர் எழுதியிருந்தால் ஒருவருடையதுதான் மிஞ்சும். எனவே வேன் வாடகை, பூ, பழம் எல்லாவற்றையும் சித்தப்பா ஒரு நோட்டில் எழுதினார். ஊர் திரும்பிய பிறகு ஒரே ஆளாக நான் ஏற்றினேன்.